லாரிப் பட்டறையில் கேட்ட இங்கிலீஷ்

ஐந்தாம் வகுப்பு வரையில் ஒரு குழந்தை இங்கிலீஷ் புத்தகத்தில் சந்திக்கும் சொற்களில் பெரும்பாலானவை கண்ணால் காணவும் கையால் தொடவும் கூடிய பொருள்களின் பெயர்களாகவே இருக்கின்றன. பசு, குடை, ஆறு, அம்மா, ஓடுதல், தின்னுதல் என்று அவை குழந்தையின் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருப்பவை. ஆறாம் வகுப்பில் அடியெடுத்து வைத்ததும் நிலைமை மாறிவிடுகிறது. ப்ராசஸ், ஸ்ட்ரக்சர், ஃபங்ஷன், மெத்தட், எவிடென்ஸ் என்று உருவமற்ற சொற்கள், இங்கிலீஷ் பாடத்தில் மட்டுமன்றி விஞ்ஞானம், சரித்திரம், கணிதம் முதலிய எல்லாப் பாடங்களிலும் ஒரே சமயத்தில் வந்து நிறைகின்றன. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மூன்று வருஷங்களில் அவற்றோடு சிநேகம் கொண்ட குழந்தை பிற்காலத்தில் எந்தப் புத்தகத்தையும் தானே திறந்து படிக்கும் தைரியத்தைப் பெறுகிறது. அந்தச் சிநேகம் வாய்க்காத குழந்தையோ, எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும், காலேஜுக்குப் போன பிறகும் வகுப்பின் கடைசி வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறது. சேலத்திலிருந்து ராசிபுரம் வழியாக நாமக்கல் வரையிலான இந்தச் சமவெளியில் அவ்விதம் தலை குனிந்த பிள்ளைகளை நான் ஏராளமாகக் கண்டிருக்கிறேன். அந்த வேதனையே இந்தப் பதிவை எழுதத் தூண்டிற்று.

கல்விக்குப் பேர்போன பிரதேசம் இது. வெளி ஜில்லாக்களிலிருந்தெல்லாம் பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து இங்குள்ள விடுதிப் பள்ளிகளில் சேர்த்துவிட்டு, பெட்டியும் படுக்கையுமாக நிற்கும் குழந்தையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே பஸ் ஏறிப் போகும் காட்சி ஜூன் மாதத்தில் சர்வ சாதாரணம். அப்பள்ளிகள் கற்றுக்கொடுத்த உழைப்பையும் ஒழுங்கையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வெற்றியின் நிழலில் ஒரு பழக்கம் சிறு பள்ளிகளுக்கும், டியூஷன் வீடுகளுக்கும், அங்கிருந்து சாதாரணக் குடும்பங்களுக்கும் பரவிவிட்டது. தினம் இத்தனை வார்த்தை என்று ஒரு ஜாபிதா கொடுத்து, எழுத்துக் கூட்டி, அர்த்தம் எழுதி, மனப்பாடம் செய்து, மறுநாள் ஒப்பிக்க வேண்டும் என்ற பழக்கம் அது. தப்பினால் இம்போசிஷன், இடையில் தமிழில் பேசிவிட்டால் சில இடங்களில் அபராதம். இவ்வாறு கற்ற சொல் பரீட்சை முடியும் வரைதான் மனத்தில் தங்குகிறது. ஹெர்மான் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமற்ற அசைகளைத் தாமே நெட்டுருப் போட்டு, அவை எவ்வளவு சீக்கிரம் மறந்துபோகின்றன என்று அளந்து 1885-ல் ஒரு நூல் எழுதினார்; மறதியின் பெரும்பகுதி முதல் நாளிலேயே நிகழ்ந்துவிடுகிறது என்பது அவர் கண்டது. நம் குழந்தைக்கு அந்த ஜாபிதாவிலுள்ள சொற்கள் அநேகமாக அர்த்தமற்ற அசைகளாகவே இருக்கின்றன என்பதை நாம் கவனிப்பதில்லை.

கடினச் சொல் என்று எதைச் சொல்லுகிறோம் என்பதிலேயே முதல் பிழை இருக்கிறது. புத்தகக் கடைகளில் 'வொக்காபுலரி' என்ற பெயரோடு விற்கும் சிறு நூல்களைப் புரட்டினால், இங்கிலாந்திலேயே ஒருவர் ஆயுள் முழுவதும் இரண்டொரு தடவைக்கு மேல் பிரயோகிக்காத ஆடம்பரச் சொற்கள் அணிவகுத்து நிற்கும். அவற்றை ஒப்பிக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளையைக் கண்டு உறவினர் வியக்கிறார்கள். ஆனால் அதே பிள்ளை விஞ்ஞானப் புத்தகத்தின் ஒரு பாராவைத் தானாகப் படித்துப் புரிந்துகொள்ள இயலாமல் திணறுகிறது. டாக்காவில் உபாத்தியாயர்களுக்குப் பயிற்சியளிக்கும் கலாசாலையில் பணி புரிந்த மைக்கேல் வெஸ்ட் என்பவர், வங்காளத்துப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பேச்சைவிட முதலில் வேண்டியது வாசிக்கும் திறனே என்று தீர்மானித்து, அடிக்கடி வரும் சொற்களை மட்டும் கொண்டு படிப்படியான வாசக நூல்களை இயற்றினார். அவர் 1953-ல் வெளியிட்ட பொதுச்சொற் பட்டியலில் சுமார் 2,000 தலைச்சொற்கள் உண்டு. பின்னர் நியூஜிலாந்தைச் சேர்ந்த ஆவ்ரில் காக்ஸ்ஹெட் என்ற அம்மையார், கல்லூரிப் பாடநூல்களையும் ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் திரட்டி ஆராய்ந்து, வெஸ்டின் பட்டியலுக்கு அப்பால் எல்லாத் துறைகளிலும் பொதுவாக வரும் 570 சொற்குடும்பங்களைப் பொறுக்கியெடுத்து 2000-ம் ஆண்டில் பிரசுரித்தார். படிப்பு சம்பந்தமான எழுத்தில் ஏறக்குறைய பத்திலொரு சொல் இந்த 570-ல் அடங்கிவிடும். நடுநிலைப் பள்ளிப் பிள்ளைக்கு உண்மையில் வேண்டிய உயர்நிலைச் சொற்கள் இவையே என்பது என் அபிப்பிராயம். இவற்றில் மினுமினுப்பு ஏதுமில்லை. விருந்தாளி முன் ஒப்பித்துக் காட்டவும் உதவா. ஆனால் இவை இல்லாமல் ஒரு பாடமும் நகராது.

அந்தப் பட்டியலை முதன்முறை வாசித்தபோது எனக்கு உண்டான ஆச்சரியத்தை என்னவென்று சொல்லுவேன்! டிரான்ஸ்போர்ட், எக்ஸ்போர்ட், டிரான்ஸ்மிட், சஸ்பெண்ட், அட்ஜஸ்ட், கான்சென்ட்ரேட், டென்ஸ், ஃபங்ஷன் என்று அதில் வரிசையாக வந்த சொற்கள் எனக்குப் புத்தகத்தில் படித்தவையாகத் தோன்றவில்லை. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளிலும், கோழிப் பண்ணைகளின் தீவனக் கிடங்குகளிலும், பள்ளிபாளையத்து விசைத்தறிக் கூடங்களிலும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளின் அருகிலும் நாள்தோறும் கேட்டவையாகவே தோன்றின. எழுத்துக் கூட்டத் தெரியாத கிளீனரும் சஸ்பென்ஷன் என்கிறார். பள்ளிக்கூடம் போகாத பாட்டியும் தறியில் நூலின் டென்ஷன் சரியில்லை என்கிறாள். கோழிக்குக் கான்சென்ட்ரேட் எத்தனை கிலோ கலக்க வேண்டும் என்று பண்ணைக்காரர் வீட்டுச் சிறுமிக்குத் தெரியும். பள்ளிக்கூடம் கற்பிக்கப் பிரயாசைப்படும் அதே சொற்கள், தொழிலின் வாயிலாகக் குழந்தையின் காதில் எப்போதோ குடியேறிவிட்டிருக்கின்றன. காதிலுள்ள சொல்லையும் புத்தகத்திலுள்ள சொல்லையும் ஒன்றென்று காட்டிக்கொடுக்க ஆளில்லாமைதான் இங்குள்ள குறை.

எங்கள் கிராமத்து நூலகத் திண்ணையில் சாயங்கால வேளைகளில் சில பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிப்பது எனக்கு வழக்கம். ஒரு நாள் வித்தியாசத்தைக் குறிக்கும் டிஃபரன்ஸ் என்ற சொல் பாடத்தில் வந்தது. அதோடு சேர்ந்தவை வேறு ஏதாவது தெரியுமா என்று கேட்டேன். எல்லோரும் மௌனம். லாரி டிரைவர் ஒருவரின் மகன், ஏழாம் வகுப்புப் பையன், தயங்கித் தயங்கி, "டிஃபரன்சல்னு ஒண்ணு இருக்குதுங்க சார், ஆனா அது புக்குல வராதுங்க" என்றான். அது என்ன செய்யும் என்று கேட்டதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. "வண்டி பின்னாடி ஆக்ஸில்ல இருக்குமுங்க சார். திருப்பத்துல வெளிப்பக்கத்து வீல் ஜாஸ்தி சுத்தோணும், உள்பக்கத்து வீல் கம்மியாச் சுத்தோணும். ரெண்டும் ஒரே மாதிரி சுத்துனா டயர் தேஞ்சு போயிருமுங்க. அந்த வித்தியாசத்தக் குடுக்கறது அதுதானுங்க!" வித்தியாசம் என்ற சொல்லை அவனே சொன்னான், நான் எடுத்துக் கொடுக்கவில்லை. சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல இடங்கொடுப்பதால்தான் அதற்கு அந்தப் பெயர் என்பதும், டிஃபரன்ஸ், டிஃபரன்ட், டிஃபர் என்று ஒரு குடும்பமே அதைச் சுற்றி நிற்கிறது என்பதும் புலப்பட்டபோது, அன்று மாலை முழுவதும் அவன்தான் எங்களுக்கு உபாத்தியாயராக இருந்தான்.

சஸ்பென்ஷன் அதைவிடச் சுவையானது. பட்டறையில் அது வண்டியின் பாரம் ஸ்பிரிங்கில் தொங்கி நிற்கும் ஏற்பாடு. வேலையிலிருந்து ஒருவரை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள் என்றால், நீக்கவும் இல்லை, வைத்துக்கொள்ளவும் இல்லை, அந்தரத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று பொருள். விஞ்ஞானப் பாடத்தில் நீரில் கரையாமல் மிதந்து நிற்கும் துகள்களின் கலவைக்கும் அதே பெயர். தமிழ்ப் பாடநூலும் அதைத் 'தொங்கல்' என்றே வழங்குகிறது. தொங்குதல் என்ற ஒரே கருத்து மூன்று இடங்களிலும் நிற்பதைக் கண்டுகொண்ட குழந்தைக்கு நான்காவது இடத்தில் அந்தச் சொல் வரும்போது அகராதி வேண்டியிருப்பதில்லை. டென்ஷனும் அத்தகையதே. தறியில் நூலின் விறைப்பு அது. மனத்தின் விறைப்பும் அது. எட்டாம் வகுப்பு விஞ்ஞானத்தில் பரப்பு இழுவிசை என்று தமிழில் படிப்பதன் இங்கிலீஷ் பெயரிலும் அதே சொல் இருக்கிறது. ஃபங்ஷன் என்றால் கொங்கு நாட்டுக் குழந்தைக்குக் காதுகுத்தும், சீரும், கல்யாணமும்தான். இருதயத்தின் ஃபங்ஷன் என்ன என்று பாடம் கேட்கும்போது அது திகைப்பது நியாயமே. காரியம் என்ற நம் சொல்லும் வேலைக்கும் சடங்குக்கும் பொதுவாக வழங்குவதை எடுத்துக்காட்டினால் அந்தத் திகைப்பு நீங்கிவிடுகிறது.

போர்ட் என்பது லத்தீன் பாஷையில் சுமத்தலைக் குறிக்கும் மூலத்திலிருந்து வந்தது. அப்பால் சுமந்து செல்வது டிரான்ஸ்போர்ட், வெளியே சுமந்து செல்வது எக்ஸ்போர்ட், உள்ளே கொண்டுவருவது இம்போர்ட், ரயிலடியில் சுமை தூக்குபவர் போர்ட்டர். ஊரெங்கும் லாரிகளின் நெற்றியில் முதல் சொல்லும், முட்டை ஏற்றுமதி செய்வோரின் பெயர்ப்பலகையில் இரண்டாவது சொல்லும் எழுதியிருக்கும் நாமக்கல்லில், இந்தக் குடும்பத்தைக் கற்பிக்கக் கரும்பலகைகூட வேண்டாம். பஸ் ஸ்டாண்டில் கால் மணி நேரம் நின்றால் போதும். ரிக் வண்டியின் கம்ப்ரசரிலிருந்து பிரஷருக்கும் எக்ஸ்பிரஸுக்கும் போகலாம். கோழிக்குஞ்சுக்குப் போடும் வாக்சினின் பெயர், பசுவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்றும், 1796-ல் எட்வர்ட் ஜென்னர் பசு அம்மைப் பாலைக்கொண்டு பெரியம்மையைத் தடுத்த கதை அதற்குள் இருக்கிறது என்றும் சொன்னால், பிள்ளைகள் வீட்டுக்குப் போக மறந்துவிடுகிறார்கள்.

நம்மிடமிருந்து இங்கிலீஷுக்குப் போன சொற்களும் உண்டு என்று அறியும்போது குழந்தையின் கூச்சம் பெருமளவு தணிந்துவிடுவதையும் நான் கண்டிருக்கிறேன். நாமக்கல் ஜில்லாவில் சித்தம்பூண்டி என்று ஓர் ஊர். அங்குள்ள பாறைகளிடையே குருந்தக்கல் கிடைக்கிறது. வைரத்துக்கு அடுத்தபடியாகக் கடினமான கனிமம் அது. சிவந்தால் மாணிக்கம், நீலமானால் நீலக்கல். இங்கிலீஷ் விஞ்ஞான நூல்களில் அதற்கு வழங்கும் கோரண்டம் என்ற பெயர் நம் குருந்தம் என்ற தமிழ்ச் சொல்லிலிருந்தே சென்றது. அதே சித்தம்பூண்டியிலும் பக்கத்துக் குன்னமலையிலும் கிடைக்கும் அனார்த்தசைட் என்ற பாறை சந்திரனின் மேட்டு நிலத்து மண்ணை ஒத்திருப்பதால், அதைப் பொடித்துச் செயற்கை நிலா மண் தயாரித்து, சந்திரயான்-2-ன் லேண்டரையும் ரோவரையும் சோதிக்க இஸ்ரோ உபயோகித்தது. தன் ஊர்க் கல்லின் பெயரை உலகத்து விஞ்ஞானிகள் தன் பாஷையிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்த குழந்தை, அந்நிய பாஷையின் சொல்லைப் பயத்தோடு அணுகுவதற்கு நியாயமில்லை.

தமிழில் பொருள் சொன்னால் இங்கிலீஷ் வராது என்ற எண்ணம் நம் பெற்றோர்களிடையே வேரூன்றியிருக்கிறது. இதை மறுக்க இந்தச் சேலத்துச் சரித்திரத்தைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. அக்காலத்துச் சேலம் ஜில்லாவில் ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்து, சேலத்தில் வக்கீலாகப் பெயர்பெற்று, அந்நகரசபைக்குத் தலைமை வகித்து, 1925-ல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் கண்ட ராஜாஜியின் இங்கிலீஷ் எத்தகையது என்பதை நாடறியும். அப்படிப்பட்டவர் 1916-ல் சேலத்தில் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தை நிறுவி, விஞ்ஞானச் சொற்களுக்குத் தமிழில் பெயர் தேடும் முயற்சியில் ஈடுபட்டார். பிற்காலத்தில் மகாபாரதத்தைத் தமிழில் எழுதிய பின்னரே அது இங்கிலீஷில் வந்து, 1951-ல் பாரதிய வித்யா பவன் வெளியீடாகத் தேசமெங்கும் பரவிற்று. ஒரு பாஷையில் தெளிவாக நின்ற கருத்தே மற்றொரு பாஷையில் தெளிவாக இறங்கும் என்று நான் உறுதியாக நம்புவதற்கு அவருடைய எழுத்து ஒரு காரணம். அவருடைய இங்கிலீஷ் மகாபாரதத்தைத் திறந்து பாருங்கள்: வாக்கியங்கள் குறுகியவை, சொற்கள் எளியவை, எங்கேனும் ஒரு கடினச் சொல் வந்தால் அது வேறு சொல்லால் நிரப்ப முடியாத இடமாக இருக்கும். கதை ஏற்கெனவே தெரிந்ததாகையால் புதுச் சொல்லின் பொருளைக் குழந்தை தானே ஊகித்துக்கொள்ளும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிடத் தகுந்த சொற்பயிற்சி நூலை நான் அறியேன்.

வாசிப்பைப் பற்றி ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். ஒரு நூலை உதவியின்றிச் சுகமாகப் படிக்க அதிலுள்ள சொற்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டாவது முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று பால் நேஷன் முதலிய ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒரு புதுச் சொல். நம் பிள்ளைகளின் கையிலுள்ள புத்தகத்திலோ பல சமயங்களில் ஒரு வரிக்கு மூன்று புதுச் சொற்கள். தாங்கக்கூடிய மழை பெய்தால் பயிர் பிழைக்கும். வெள்ளமாக வந்தால் விதையே அடித்துக்கொண்டு போய்விடும். ஆகையால் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு நான்காம் வகுப்புக் கதைப் புத்தகத்தைக் கொடுப்பதில் அவமானம் ஒன்றுமில்லை. அதை விரைவாகப் படித்து முடித்து அடுத்ததைக் கேட்கட்டும். ஒரு சொல் ஒரே நாளில் பத்து முறை எழுதப்படுவதைவிட, வேறு வேறு கதைகளில், வேறு வேறு மனிதர்களின் வாயில், வாரக்கணக்கான இடைவெளியில் பல முறை எதிர்ப்படுவதே மேல். இம்போசிஷன் எழுதும் கை எழுத்துக் கூட்டலைப் பழகலாம். பொருளை அது பழகுவதில்லை.

எழுத்துக் கூட்டலும் முக்கியமல்லவா என்று சிலர் கேட்பார்கள். முக்கியந்தான். அமெரிக்காவில் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 1925 முதல் நடந்துவரும் தேசிய ஸ்பெல்லிங் போட்டியில் 1985-ல் பாலு நடராஜன் என்ற சிறுவன் வென்றது முதல் இந்திய வம்சாவளிப் பிள்ளைகள் அங்கே பெரும் புகழ் ஈட்டி வருகிறார்கள். ஆனால் அவர்கள் வெறும் எழுத்து வரிசையை உருப்போடுவதில்லை. சொல் எந்தப் பாஷையிலிருந்து வந்தது, அதன் மூலம் என்ன, பொருள் என்ன என்று மேடையிலேயே கேட்டறிந்துதான் எழுத்தைச் சொல்லுகிறார்கள். அந்த முறையைக் கைவிட்டு, போட்டியின் பரபரப்பை மட்டும் நாம் இறக்குமதி செய்துகொண்டால் பிரயோஜனமில்லை.

1968 முதல் இரு மொழிக் கொள்கை நடைமுறையிலிருக்கும் நம் மாகாணத்தில், இங்கிலீஷ் ஒவ்வொரு குழந்தைக்கும் உரிய பாஷை. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் இங்கிலீஷ் வழி வகுப்புகளும் பெருகியிருக்கின்றன. தறிக்காரர் வீட்டுப் பெண்ணும், ஜவ்வரிசி ஆலைத் தொழிலாளியின் பிள்ளையும் இன்று விஞ்ஞானத்தையும் கணக்கையும் அந்தப் பாஷையிலேயே படிக்கிறார்கள். வீட்டில் கேட்டுச் சொல்ல ஒருவருமில்லாத அந்தக் குழந்தைகளுக்குச் சொற்கள் கிடைக்காமற்போவது, பணம் கட்டிப் படிக்கும் குழந்தைக்குக் கிடைக்காமற்போவதைவிடப் பன்மடங்கு அநியாயம்.

ஆகவே இந்தப் பிரதேசத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உபாத்தியாயராக இருப்பவர்கள், அடுத்த வாரம் ஒரு நாள், "உங்கள் வீட்டுத் தொழிலில் வழங்கும் இங்கிலீஷ் சொற்களை எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். வந்து குவியும் சொற்களைப் பாடநூலோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் தமிழில் பொருள் சொல்லி ஆரம்பியுங்கள். பட்டறையும் பண்ணையும் தறியும் வைத்திருப்பவர்கள், பள்ளி விட்டு வரும் குழந்தை ஒரு கருவியின் பெயரைக் கேட்டால், வேலை நேரம் என்று விரட்டாமல் அது என்ன செய்கிறது என்று சொல்லிக்கொடுங்கள். வீட்டு அலமாரியில் படிக்க ஆளின்றிக் கிடக்கும் இங்கிலீஷ்–தமிழ் அகராதியோ, சிறுவர் கதைப் புத்தகமோ, ராஜாஜியின் மகாபாரதமோ இருந்தால், இந்த மாதமே எடுத்துச் சென்று அருகிலுள்ள நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். பீரோவில் பூட்டிவைக்காமல் பிள்ளைகள் கைக்கெட்டும் இடத்தில் வைக்கும்படி அவரிடம் கேட்டுக்கொண்டும் வாருங்கள்.